வேற்றுக்கிரகவாசி அல்ல, நாந்தேர்ப் பையன்

2022 அக்டோபரில், லாஸ் வேகஸை ஒட்டிய ஹெண்டர்சன் நகரில் இரண்டு கூடைப்பந்து ஆட்டங்கள் நடந்தன. பாரிஸின் மேற்குப் புறநகரிலிருந்து விமானம் ஏறிப் போன மெட்ரோபொலிட்டன்ஸ் 92 என்ற கிளப், அமெரிக்காவின் ஜி லீக் இக்னைட் அணியைச் சந்தித்தது. முதல் ஆட்டத்தில் பிரெஞ்சு அணியின் 18 வயது இளைஞர் 37 புள்ளிகள் எடுத்தார், அடுத்ததில் 36. உயரம் ஏழடி நான்கு அங்குலம். அவ்வளவு உயரமானவர்கள் கூடைக்கு அடியில் நின்று கையை நீட்டுவதுதான் வழக்கம். இவரோ பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினார், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார், முதல் ஆட்டத்தில் மட்டும் ஏழு முறை அப்படி விழவைத்தார். லெப்ரான் ஜேம்ஸ் அதைப் பற்றிப் பேசும்போது 'ஏலியன்' என்றார். வேற்றுக்கிரகவாசி. அன்று முதல் அந்தச் சொல் விக்டர் வெம்பன்யாமாவை விடவில்லை.

புகழ்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லில் ஒரு சோம்பல் இருக்கிறது. வானத்திலிருந்து குதித்தவர் என்று சொல்லிவிட்டால், எந்த ஊர்க்காரர், யார் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தது, எந்தக் கூடத்தில் ஆடினார், அந்தக் கூடத்துக்கு மின்கட்டணம் கட்டியது யார் என்றெல்லாம் கேட்க வேண்டியதில்லை. கேட்கத் தொடங்கினால் 130 ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கும்.

பாரிஸின் ஒன்பதாம் வட்டாரத்தில் திரெவீஸ் தெரு, கதவெண் 14. ஒய்.எம்.சி.ஏ. கட்டிய கட்டடம். கீழ்த்தளத்தில் மரத்தரை போட்ட ஓர் ஆடுகளம். கட்டடத்தைத் தாங்கும் இரும்புத் தூண்கள் ஆடுகளத்துக்குள்ளேயே நிற்கின்றன. ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் 1891 டிசம்பரில் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். இரண்டே ஆண்டில் அது அட்லாண்டிக்கைத் தாண்டியது. ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து வந்த மெல்வின் ரைட்அவுட் கற்றுக்கொடுக்க, 1893 டிசம்பர் 27 அன்று திரெவீஸ் தெருவில் ஐரோப்பாவின் முதல் கூடைப்பந்தாட்டம் நடந்தது. உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கூடைப்பந்துக் களங்களில் ஒன்று இன்று பாரிஸில் இருக்கிறது. (அதே ஸ்பிரிங்ஃபீல்டின் வேர் ஒன்று சென்னையிலும் உண்டு: ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி.)

ஆக, பிரான்ஸுக்கு இந்த ஆட்டம் நேற்று வந்த விருந்தாளி அல்ல. ஆனால் வேர் பிடிக்க நாளாயிற்று. முதல் உலகப் போரில் வந்திறங்கிய அமெரிக்கச் சிப்பாய்கள் முகாம்களில் ஆடினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பார்த்துக் கற்றார்கள். 1919இல் பாரிஸை அடுத்து நடந்த நேசநாட்டுப் படைகளின் விளையாட்டுப் போட்டியில் அமெரிக்காவுக்கு முதலிடம், பிரான்ஸுக்கு இரண்டாமிடம். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரப்போகிறது.

சிப்பாய்கள் கப்பலேறிய பின் ஆட்டத்தைக் காப்பாற்றியவர்கள் பாதிரியார்களும் பள்ளி ஆசிரியர்களும். கத்தோலிக்கப் பங்குகள் நடத்திய 'பத்ரொனாஜ்' என்ற இளைஞர் சங்கங்களுக்குக் கூடைப்பந்து வசதியாக இருந்தது. சிறிய இடம் போதும், கோயில் முற்றமே போதும். அதற்குப் போட்டியாக மதச்சார்பற்ற பள்ளிச் சங்கங்களும் கூடை மாட்டின. மேற்குப் பிரான்ஸில் ஷோலே நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இந்த ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கமாகவே ஆகிவிட்டது. 1901ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம் யாரும் எளிதாக ஒரு சங்கத்தைப் பதிவுசெய்ய வழி விட்டது. பின்னால் நகரமன்றங்கள் உள்ளரங்கங்கள் கட்டித் தந்தன. கால்பந்து பெருநகரங்களைப் பிடித்துக்கொண்டபோது, கூடைப்பந்து லிமோஜ், போ, லே மான், ஷோலே போன்ற நடுத்தர ஊர்களில் தங்கியது. பாரிஸ்காரர்கள் பெயர் கேட்டால் தோளைக் குலுக்கும் ஊர்கள். 1993 ஏப்ரலில் அந்த லிமோஜ்தான் ஏதென்ஸில் இத்தாலியின் பெனட்டன் திரெவீசோவை 59-55 என்று வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பையைக் கொண்டுவந்தது. மார்செய் கால்பந்து அணி தன் ஐரோப்பியக் கோப்பையை வென்றது அதற்கு ஆறு வாரம் கழித்து. இதை மார்செய்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இடையில் 1948. லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் இறுதி ஆட்டம் வரை போய் அமெரிக்காவிடம் 65-21 என்று தோற்றது. ஒரு முழு ஆட்டத்தில், ஒரு முழு அணி எடுத்தது 21 புள்ளி. வெம்பன்யாமா சில நாட்களில் பாதி ஆட்டத்திலேயே தனியாக அவ்வளவு எடுத்துவிடுகிறார். இருந்தாலும் வெள்ளி வெள்ளிதான்.

பெண்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது அநியாயம். 1970களில் பிரெஞ்சுக் கூடைப்பந்து என்றால் ரசிகர்களின் நினைவுக்கு வந்தது கிளெர்மோன் பல்கலைக்கழகக் கிளப்பின் பெண்கள் அணி. அதன் முகம் ஜாக்கி ஷாசலோன். ஐரோப்பியக் கோப்பையின் இறுதிக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள், திரும்பத் திரும்ப சோவியத் ஒன்றியத்தின் டவுகவா ரீகாவிடம் தோற்றார்கள். ரீகாவிடம் ஏழடி உயர உல்யானா செம்யோனவா இருந்தார். பிரெஞ்சுக்காரர்களுக்கு அன்று ஆட்டம் தெரிந்தது, உயரம்தான் எதிர்ப்பக்கம் இருந்தது.

உயரம் கிடைத்தபோதும் அது அவமானமாக வந்தது. 2000, சிட்னி. பிரான்ஸின் ஃபிரெதெரிக் வைஸ் 2.18 மீட்டர் உயரம். அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் நியூயார்க் நிக்ஸ், புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவரை 15ஆவதாக எடுத்திருந்தது. முதல் சுற்று ஆட்டத்தில் அமெரிக்காவின் வின்ஸ் கார்ட்டர் அவர் தலைக்கு மேலே தாவி, அவரைக் கடந்து, பந்தைக் கூடைக்குள் அறைந்தார். பிரெஞ்சுப் பத்திரிகைகளே அதற்கு 'மரண டங்க்' என்று பெயர் வைத்தன. வைஸ் என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. கால் நூற்றாண்டாக அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதே ஒலிம்பிக்கின் இறுதியில், கடைசிச் சில நிமிடங்கள் இருக்கையில், பிரான்ஸ் அமெரிக்காவை நான்கு புள்ளி இடைவெளிக்கு நெருக்கியதை எவரும் சுற்றுக்கு விடவில்லை. முடிவு 85-75. இன்னொரு வெள்ளி. வைஸுக்கு வரலாறு செய்த துரோகம் இது என்றே நான் நினைக்கிறேன்: வெள்ளிப் பதக்கக்காரரை ஒரு தாவலுக்கான மேடையாக்கி வைத்துவிட்டது.

என்.பி.ஏ.வின் கதவு அதற்குள் திறந்திருந்தது. 1997இல் சேக்ரமென்டோ கிங்ஸ் 11ஆவதாக எடுத்த தாரிக் அப்துல்-வஹாத் என்.பி.ஏ.வில் ஆடிய முதல் பிரெஞ்சுக்காரர். 2001இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 28ஆவதாக, முதல் சுற்றின் கடைக்கோடியில், டோனி பார்க்கரை எடுத்தது. அவர் நான்கு முறை சாம்பியன் ஆனார். 2007 இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதை வாங்கிய முதல் ஐரோப்பியரும் அவரே. பார்க்கர், போரிஸ் டியாவ், ரோனி துரியாஃப் மூவரும் வேன்சேன் காட்டருகே அரசு நடத்தும் இன்செப் பயிற்சிக் கழகத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள். 2013இல் இதே பார்க்கரும் டியாவும் லுப்லியானாவில் பிரான்ஸ் ஆண்கள் அணிக்கு முதல் ஐரோப்பிய நாடுகள் கோப்பையை வென்று தந்தார்கள். அதே கோடையில் ரூடி கோபேர் 27ஆவது இடத்தில் விலைபோனார். பின்னாளில் நான்கு முறை லீக்கின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர். அமெரிக்கத் தேர்வாளர்கள் பிரெஞ்சுப் பையன்களைக் குறைத்தே மதிப்பிட்டு வந்தார்கள் என்பதற்கு இந்த 28, 27 என்ற எண்களே சாட்சி.

இந்த மண்ணில்தான் 2004 ஜனவரி 4 அன்று, வெர்சாய் அரண்மனைக்குப் பக்கத்து ஊரான ல ஷெனேயில் வெம்பன்யாமா பிறந்தார். காங்கோ வழி வந்த தந்தை ஃபெலிக்ஸ் தடகள வீரர். தாய் எலோடி த ஃபோத்ரோ கூடைப்பந்து ஆடியவர், பிள்ளைகளுக்குப் பயிற்சியும் கொடுத்தவர். அக்கா ஈவும் ஆட்டக்காரி. பையன் ஜூடோ பழகினான், கால்பந்தில் கோல்கீப்பராக நின்றான். கடைசியில் அம்மாவின் ஆட்டத்துக்கே வந்து சேர்ந்தான். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தப் பழமொழி முளையை மட்டும் பார்க்கிறது, தண்ணீர் பாய்ச்சியவரைப் பார்ப்பதில்லை. உள்ளூர்ச் சங்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் ஓர் அம்மா இல்லையென்றால், அந்த ஏழடி நான்கு அங்குலம் கூடைக்கு அடியில் கை நீட்டுவதோடு நின்றிருக்கலாம்.

பத்து வயதில் நாந்தேர் கிளப்புக்குப் போனார். அந்த ஊரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பாரிஸின் கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கும் லா தெஃபான்ஸுக்குப் பின்புறம் உள்ள உழைப்பாளர் ஊர் நாந்தேர். அதன் விளையாட்டரங்கத்துக்கே கம்யூனிஸ்ட் தலைவர் மொரீஸ் தோரேயின் பெயர். டொனாதியூ குடும்பம் நடத்திய கிளப் அது: அப்பா ஜான் தலைவர், மகன் பாஸ்கல் 1987 முதல் பயிற்சியாளர். மாவட்ட அளவிலிருந்து ஒவ்வொரு பிரிவாக ஏறி, 2013இல் பிரான்ஸ் சாம்பியனே ஆகிவிட்டார்கள். அந்த இலையுதிர்காலத்தில் பார்சிலோனாவுக்குப் போய் அவர்கள் அரங்கிலேயே அவர்களை வென்றும் வந்தார்கள். அடுத்த ஆண்டுதான் பத்து வயது விக்டர் வாசலில் வந்து நின்றார். ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கு யானை வந்த மாதிரி என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அந்த வீட்டுக்கு யானை வளர்க்கத் தெரிந்திருந்தது.

பெரிய இடங்கள் சும்மா இருக்கவில்லை. 2018இல் பார்சிலோனாவின் 14 வயதுக்குட்பட்டோர் அணி ஒரு போட்டிக்கு அவரைக் கடன் வாங்கி ஆடவைத்தது. ஆடிவிட்டு நாந்தேருக்கே திரும்பினார். இன்செப்புக்கும் போகவில்லை. 2019 அக்டோபர் 29 அன்று, 15 வயதில், ஐரோப்பியப் போட்டியொன்றில் இத்தாலியின் பிரேஷியாவுக்கு எதிராக நாந்தேரின் தொழில்முறை அணியில் முதன்முறை களமிறங்கினார். 2021இல் பார்க்கர் தலைவராக இருந்த வில்லர்பான் கிளப்புக்குப் போனார். அது ஐரோப்பாவின் உச்ச லீக்கில் ஆடிய அணி, ஆட்டங்கள் அதிகம், காயங்களும் வந்தன. ஓர் ஆண்டிலேயே அங்கிருந்து கிளம்பி, அதைவிடச் சிறிய மெட்ரோபொலிட்டன்ஸ் 92க்கு வந்தார்.

அவருடைய ஆட்ட வாழ்க்கையில் ஆகச் சிறந்த முடிவு இதுதான் என்பது என் கணிப்பு. பதவி உயர்வைக் கையில் வைத்துக்கொண்டு சின்ன அலுவலகத்துக்கு மாற்றல் கேட்ட கதை. அங்கே வாரத்துக்கு ஆட்டங்கள் குறைவு. உடலைக் கட்ட, பாதங்களையும் கணுக்கால்களையும் பலப்படுத்த நேரம் இருந்தது. அப்போது தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்த வின்சான் கொலேதான் அந்தக் கிளப்புக்கும் பயிற்சியாளர்; அணியையே அந்த 18 வயதுக்காரரைச் சுற்றிக் கட்டினார். பலன் கைமேல். பிரெஞ்சு லீக்கில் புள்ளி, ரீபவுண்ட், பிளாக் மூன்றிலும் அவரே முதல், ஆண்டின் சிறந்த வீரரும் அவரே. அணி இறுதித் தொடர் வரை போய் மொனாகோவிடம் தோற்றது. கடைசி ஆட்டம் டென்னிஸுக்குப் பேர்போன ரோலான் காரோஸ் மைதானத்தில் நடந்தது.

2023 ஜூன் 22. டிராஃப்டில் முதல் பெயராக அவரை அழைத்தது பார்க்கரின் அதே சான் அன்டோனியோ. பிரான்ஸிலிருந்து முதலிடத்தில் எடுக்கப்பட்ட முதல் வீரர். ஏழாவதாக அழைக்கப்பட்ட பிலால் கூலிபாலியும் மெட்ரோபொலிட்டன்ஸ்காரரே. அமெரிக்காவில் நடந்தது தெரிந்த கதை: ஆட்டத்துக்குச் சராசரி 21.4 புள்ளி, 10.6 ரீபவுண்ட், 3.6 பிளாக், ஒருமனதாக ஆண்டின் சிறந்த புதுமுகம், முதல் ஆண்டிலேயே தற்காப்பு முதல் அணியில் இடம், லீக்கில் எந்தப் புதுமுகத்துக்கும் அதற்கு முன் கிடைக்காதது. அடுத்த டிராஃப்டில் சக்காரி ரிசாஷே முதலிடம், அலெக்ஸ் சார் இரண்டாமிடம், திஜான் சலூன் ஆறாமிடம். 28ஆவதாகக் காத்திருந்த பார்க்கரின் நாட்டில் இப்போது முதல் ஆறில் மூவர்.

அதே 2024இல் மெட்ரோபொலிட்டன்ஸ் 92 செத்துப்போனது. நட்சத்திரம் போன மறு பருவத்திலேயே லீக்கின் அடிக்குச் சரிந்து, கோடையில் தொழில்முறைக் களத்திலிருந்தே காணாமல் போய்விட்டது. ஒரே டிராஃப்டில் முதல் ஏழு பேரில் இருவரைத் தந்த கிளப்! இதைத் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. ஆட்டத்தின் பொருளாதாரமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. கால்பந்தில் ஒரு வீரர் நாடு விட்டு நாடு விலைபோனால், அந்தத் தொகையில் ஐந்து சதவீதம் 12 வயது முதல் அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிந்து போக வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. ஒரு கிராமத்துக் கிளப் அந்தப் பணத்தில் புல்தரை போடலாம். என்.பி.ஏ.வில் அப்படி ஒன்று இல்லை. கிளப்பிலிருந்து வீரரை விடுவிக்க என்.பி.ஏ. அணி தரும் தொகைக்கும் லீக்கே உச்சவரம்பு வைத்திருக்கிறது. புதுமுகத்தின் முதல் ஆண்டுச் சம்பளமே ஒரு கோடியே இருபது லட்சம் டாலரைத் தாண்டிய இடத்தில், ல ஷெனே சங்கத்துக்கும் நாந்தேர்க் கூடத்துக்கும் லீக் கொடுக்கக் கடமைப்பட்டது எதுவும் இல்லை. பிரான்ஸில் தொழில்முறைக் கிளப்புகள் பயிற்சி மையம் நடத்துகின்றன. படிப்பையும் கவனிக்க வேண்டும். விதைநெல் செலவு அவர்களுடையது, அறுவடை கடல் தாண்டி.

இப்போது அறுவடையும் முன்கூட்டியே தொடங்கிவிட்டது. 2025 ஜூலை முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மாணவ வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். வெம்பன்யாமா 18, 19 வயதில் மெட்ரோபொலிட்டன்ஸின் லெவலுவா அரங்கை நிரப்பினார். அடுத்து வரும் பையனுக்கு அந்த வயதில் ஒரு பல்கலைக்கழகம் பிரெஞ்சுக் கிளப்பால் நினைத்துப் பார்க்க முடியாத சம்பளம் தரும். போகாதே என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் வளர்த்தவர்களுக்கு ஒரு பங்கு என்ற விதியை உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் மேசையில் வைக்க இதைவிட நல்ல நேரம் வராது. பிரெஞ்சுச் சம்மேளனம் அதை முன்னின்று கேட்க வேண்டும். கேட்கும் தகுதி அதற்கு இருக்கிறது.

நாட்டுக்குக் கிடைப்பது கோடைகள் மட்டுமே. 2024 ஆகஸ்டில், சொந்த ஊரில் ஒலிம்பிக். ஆண்கள் 3x3 இறுதியில் நெதர்லாந்திடம் 18-17 என்று தோல்வி. ஆகஸ்ட் 10 அன்று பெர்சி அரங்கில் அமெரிக்காவுக்கு எதிராக ஆண்கள் இறுதி. பிரான்ஸ் துரத்தித் துரத்தி, மூன்று நிமிடம் இருக்கும்போது இடைவெளியை மூன்றே புள்ளியாக்கியது. பிறகு ஸ்டீபன் கரி. அடுத்தடுத்து நான்கு முறை மூன்று புள்ளி எறிதல். கடைசியாக எறிந்ததை இரண்டு பேர் கைநீட்டி மறைத்தும் பந்து உள்ளே போனது. 98-87. வெம்பன்யாமா 26 புள்ளி, வேறு எவரும் அவ்வளவு எடுக்கவில்லை, முடிந்ததும் அழுதார். மறுநாள் பெண்கள் இறுதி, மீண்டும் அமெரிக்காவுடன்: கடைசி நொடியில் கேபி வில்லியம்ஸ் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. ஆனால் கால் நுனி கோட்டில் பட்டிருந்தது. மூன்று புள்ளிக்குப் பதில் இரண்டு. 67-66. ஒரே வாரத்தில் மூன்று வெள்ளி. 1919, 1948, 2000, டோக்கியோ ஒலிம்பிக், பாரிஸ் என்று இந்த நாட்டின் கூடைப்பந்து வரலாற்றை எழுதினால் அமெரிக்காவுக்குக் கீழே உள்ள வரியிலேயே எழுத வேண்டியிருக்கிறது. 65-21 என்ற இடைவெளி 98-87 ஆகியிருக்கிறது. அதற்கு 76 ஆண்டுகள் ஆயின.

உடம்பு என்ன சொல்லும் என்பது வேறு கணக்கு. 2025 பிப்ரவரியில், ஆல்-ஸ்டார் ஆட்டம் முடிந்த சில நாட்களில், அவர் வலது தோளில் இரத்த உறைவு கண்டுபிடிக்கப்பட்டது. 46 ஆட்டங்களோடு பருவம் முடிந்தது. அந்தக் கோடையில் சீனாவின் ஷாவோலின் மடத்துக்குப் போய்த் துறவிகளோடு பயிற்சி செய்தார். செப்டம்பரில் அவர் இல்லாத பிரெஞ்சு அணி ஐரோப்பிய நாடுகள் கோப்பையின் முதல் நாக்அவுட் ஆட்டத்திலேயே ஜார்ஜியாவிடம் 80-70 என்று தோற்று வெளியேறியது. ஆட்டம் நடந்த ஊர் ரீகா, கிளெர்மோன் பெண்களைத் தோற்கடித்த டவுகவாவின் ஊர். அக்டோபரில் புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தில் டல்லாஸுக்கு எதிராக 40 புள்ளிகள் எடுத்துத் திரும்பி வந்தார்.

அடுத்த ஒலிம்பிக் லாஸ் ஏஞ்சல்ஸில், 2028 ஜூலையில். அன்று வெம்பன்யாமாவுக்கு 24 வயது இருக்கும். லுப்லியானாவில் கோப்பையைத் தூக்கியபோது பார்க்கருக்கு 31.